மோட்டார் சைக்கிள் எஞ்சின் மிதமிஞ்சிச் சூடேறுதல்: காரணமும் பரிகாரமும்

காற்றினால் குளிரும் எஞ்சினையுடைய மோட்டார் சைக்கிள்களில் ‘புல்லட்’ என்று வழங்கும் 350 சி.சி. வண்டி நமது கிராமாந்தரங்களுக்கு மிகவும் பழக்கமானது. இங்கிலாந்தில் ரெட்டிட்ச் என்னும் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியார் வகுத்த இவ்வண்டி, 1955-ல் சென்னையில் ஏற்பட்ட கூட்டு ஸ்தாபனத்தின் மூலம் திருவொற்றியூரில் செய்யப்படலாயிற்று. வார்ப்பிரும்புச் சிலிண்டரைக் கொண்ட அதன் பழைய எஞ்சின் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பெரிய மாறுதலின்றியே வெளிவந்து, 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நின்றுபோயிற்று. எனினும், தகப்பனார் வாங்கிய வண்டியை இன்று மகன் ஓட்டிவருவது பல ஊர்களிலும் காணக்கூடியதே. இங்குச் சொல்லப்படுவன அப்பழைய எஞ்சினைக் குறித்தவை.

இவ்வண்டியில் நெடுந்தூரம் செல்வோர் சொல்லும் முறையீடுகளுள் முதன்மையானது ‘எஞ்சின் சூடாகிவிடுகிறது’ என்பதாம். அதனால் விளையும் நஷ்டம் சிறியதன்று. உதாரணமாக, குடியானவர் ஒருவர் சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்குப் புறப்படுகிறார் என்று கொள்வோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இருபதாம் வளைவைத் தாண்டியதும் இழுப்புக் குறைகிறது. எஞ்சினுக்குள் சில்லறை குலுக்கினாற்போன்ற ஒலி கேட்கிறது. அடுத்த ஏற்றத்தில் வண்டி நின்றுவிடுகிறது. கிக்கரை மிதித்தால் அசைவதில்லை. வண்டி லாரியில் ஏறிப் பட்டறைக்குப் போகிறது. ‘பிஸ்டன் பிடித்துவிட்டது’ என்கிறார்கள். சிலிண்டரைக் கழற்றிக் கடைசல் பட்டறைக்கு அனுப்பி, விரித்துக் கடைந்து, பெரிய அளவுப் பிஸ்டனும் ரிங்கும் போடுகிறார்கள். வீட்டு நகை அடகுக்குப் போகிறது. இரண்டு மாதம் கழித்து அதே சாலையில், அதே வளைவுக்கருகில், அதே ஒலி மறுபடியும் கேட்கிறது.

ஏனெனில், பட்டறையில் சரிசெய்யப்பட்டது சூட்டினால் விளைந்த சேதமேயன்றிச் சூட்டின் காரணமன்று. காரணம், பத்து நிமிஷ வேலையில் தீரக்கூடிய பாயிண்ட் இடைவெளியாகவோ, அடைபட்ட பெட்ரோல் மூடித் துவாரமாகவோ இருந்திருக்கலாம். ஒரு சிலிண்டரைச் சில தடவைகளே கடைய முடியும். அதற்குமேல் உறையையே மாற்றவேண்டும். ஆகையால் எஞ்சினைத் திறக்குமுன் வெளியே பார்க்கவேண்டியவற்றைப் பார்த்துவிடுவது வண்டிக்காரர் தம் பணத்துக்குச் செய்துகொள்ளும் முதற்காவலாகும்.

சூட்டின் வரவும் பற்றும்

எரியும் பெட்ரோலின் உஷ்ணத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் சக்தியாக மாறுகிறது. எஞ்சியதில் ஒரு பெரும்பகுதி சைலன்சர் வழியே புகையோடு போகிறது. மீதி, சிலிண்டரிலும் ஹெட்டிலுமுள்ள தகடுகளின் வழியாகக் காற்றிலும், எண்ணெயின் வழியாக அடிப்பெட்டியிலும் சென்று கலையவேண்டும். இதைச் சங்கத்தின் பேரேட்டைப்போல் பார்த்தால் விளங்கும். உஷ்ணத்தின் வரவும் பற்றும் சமமாயிருக்குமளவும் எஞ்சின் ஒரு நிலையான சூட்டில் ஓடும். வரவு மிகுந்தாலும் பற்றுக் குறைந்தாலும் நிலுவை ஏறிக்கொண்டே போகும். கொள்ளத்தக்க நிலுவைக்கும் ஓர் எல்லை உண்டு. பிஸ்டன் அலுமினியக் கலப்பு, சிலிண்டர் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் சுமார் இரண்டு மடங்கு விரியும். இவ்வெஞ்சினின் 70 மி.மீ. குறுக்களவுள்ள பிஸ்டன் ஒவ்வொரு 100 டிகிரி சென்டிகிரேடு ஏற்றத்துக்கும் சுமார் 0.15 மி.மீ. பருக்கும், சிலிண்டரின் துளையோ அதில் பாதியளவே விரிந்து கொடுக்கும். இடைவெளி தீர்ந்ததும் எண்ணெய்ப் படலம் கிழிந்து, உலோகம் உலோகத்தைப் பற்றிக்கொள்கிறது. ‘ஜாம்’ என்பது இதுவே.

இங்கு ஒன்றைத் தெளிவாக்குவது அவசியம். சிலிண்டரில் கைவைக்க முடியவில்லை என்பது நோயன்று. நல்ல நிலையிலுள்ள எஞ்சினிலும் ஹெட்டின் சூடு 150 டிகிரிக்குமேற் செல்வது இயல்பே. கையோ அறுபதுக்கே பின்வாங்கும். நோயின் குறிகள் வேறு: வழக்கமான ஏற்றத்தில் இழுப்புக் குன்றுதல், ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது முன்சொன்ன சில்லறை ஒலி, சாவியை அணைத்த பின்னும் எஞ்சின் இரண்டொரு சுற்று ஓடுதல், புகைக்குழாய் ஹெட்டை ஒட்டிய இடத்தில் நீலம்பாரித்தல், இருட்டில் அவ்விடம் செந்நிறமாய்த் தோன்றுதல். இவற்றுள் ஒன்றாயினும் காணப்பட்டாலன்றி ‘சூடு’ என்ற சொல்லைக் கேட்டவுடன் திகில்கொள்ள வேண்டுவதில்லை. துப்பாக்கி வடிவான கை உஷ்ணமானி இக்காலத்தில் எளிதாய்க் கிடைக்கிறது. நன்றாய் ஓடும் நாளில் பிளக்கின் அடியிலுள்ள சூட்டை அதனால் அளந்து ஒரு நோட்டில் குறித்துவைத்தால், பின்னொரு நாள் சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒப்பிட ஒன்றுமில்லாத அளவால் பயன் சொற்பமே.

செலவில்லாதவற்றை முதலில் பார்த்தல்

தகடுகளின் இடுக்குகளில் வயற்சேறும் எண்ணெய்க் கசிவும் புழுதியும் கலந்து கெட்டித்துப்போய் இருப்பதைப் பலர் கவனிப்பதேயில்லை. அது எஞ்சினுக்குக் கம்பளி போர்த்தியது போலாகும். எஞ்சின் முற்றும் ஆறியபின் மண்ணெண்ணெயும் பழைய பிரஷும் கொண்டு இடுக்குதோறும் தேய்த்துக் கழுவி, ஈரம் உலர்ந்தபிறகே கிளப்பவேண்டும். அழகு கருதிச் சிலிண்டரின்மேல் தடிப்பாய்ப் பலமுறை பெயிண்ட் பூசுவதும் காப்பிலுள்ள தோஷமே. முன்புறக் காலடிக் கம்பியில் தகரமோ ரெக்ஸின் திரையோ கட்டி மழைக்குப் பாதுகாப்புச் செய்வோர், எஞ்சினுக்குச் செல்லும் காற்றையும் அதனோடு கட்டிவிடுகின்றனர்.

அடுத்தது எண்ணெய். இவ்வெஞ்சின் சுமார் 2¼ லிட்டர் கொள்ளும். நெடுநாள் நின்ற வண்டியில் எண்ணெய் தன் அறையிலிருந்து கசிந்து அடிப்பெட்டிக்குள் இறங்கியிருக்கும். அந்நிலையில் அளவுக்கோலை நம்பி மேலும் ஊற்றுவது பிழை. சில நிமிஷம் ஓடவிட்டு நிறுத்திப் பின்பு பார்ப்பதே சரி. 20 டபிள்யூ 50 என்னும் தரமே இதற்கேற்றது. சூடு கண்டவுடன் ‘கனமான எண்ணெய் நல்லது’ என்று கியர் எண்ணெயையோ, பம்ப்செட்டுக்கு வாங்கி மிச்சமானதையோ ஊற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. மிகக் கனத்த எண்ணெய் மேலே ராக்கருக்கு வேளையில் சென்று சேராது. எண்ணெய் மேலேறுகிறதா என்று அறிய, எஞ்சின் மெதுவாய் ஓடுகையில் ராக்கருக்குச் செல்லும் குழாயின் போல்ட்டைச் சிறிது தளர்த்தினால் எண்ணெய் கசிந்து வரவேண்டும். வராவிடில் அப்பொழுதே நிறுத்திப் பம்பையும் வடிகட்டியையும் பார்க்கவேண்டும்; அந்நிலையில் ஒரு மைல்கூட ஓட்டலாகாது.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்ப்பதற்கு ஒரு செலவுமில்லை. பிரேக் உரசினாலும் செயின் விறைத்திருந்தாலும் எஞ்சின் அச்சுமையையும் சேர்த்தே இழுக்கிறது. ஐந்து கி.மீ. பிரேக் தொடாமல் ஓட்டி நிறுத்திச் சக்கரத்தின் நடுக்குடத்தைத் தொட்டால் உண்மை தெரிந்துவிடும். கிளட்ச் நழுவுவதும் இவ்வகையிற் சேர்ந்ததே.

பாயிண்டும் டைமிங்கும்

பழைய புல்லட்டின் சூட்டுக் கோளாறுகளில் மிகவும் மறைவாக வருவது இதுவாதலால் சற்று விரிவாய்க் கூறுவது தகும். பாயிண்டைத் திறக்கும் கேமின்மேல் உரசிக்கொண்டிருப்பது ஒரு சிறிய குதிகால் போன்ற துண்டு. அது நாளடைவில் தேய்கிறது. தேயத்தேய இடைவெளி சுருங்குகிறது; இடைவெளி சுருங்கினால் பாயிண்ட் பிந்தித் திறக்கும்; பிந்தித் திறந்தால் பொறி பிந்தும். பிந்தி மூண்ட நெருப்பு பிஸ்டனைத் தள்ளவேண்டிய வேளை கழிந்தபின்னும் எரிந்துகொண்டு, புகைக்குழாயையும் எக்ஸாஸ்ட் வால்வையும் ஹெட்டையும் சுடுகிறது. ஓட்டுபவர் இழுப்புக் குறைந்ததைக் கண்டு ஆக்ஸிலேட்டரை மேலும் திருகுகிறார். பெட்ரோல் மேலும் எரிகிறது. ஒரே நாளில் வருவதன்று ஆகையால் அவருக்கு மாறுதல் தெரிவதுமில்லை.

கேமின் மேட்டின்மேல் குதிகால் நிற்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கவேண்டும். இதை அளக்கும் பீலர் கேஜ் தகடுகளைக் கடைகளில் வாங்கலாம். பாயிண்ட் முகம் குழியும் மேடுமாயிருந்தால் தகடு பொய்யளவு காட்டும். முதலில் நயமான உப்புத்தாளால் சமப்படுத்திக்கொள்ள வேண்டும். அதன் பிறகே டைமிங். அட்வான்ஸ் எடைகள் முழுவதும் ஒடுங்கிய நிலையில், அமுக்க வேளையில் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே இருக்கையில் பாயிண்ட் பிரியத் தொடங்கவேண்டும். பிரியும் கணத்தை அறிய, மெல்லிய தாளை நடுவே செருகி இலேசாய் இழுத்துக்கொண்டிருந்தால் பிரிந்தவுடன் தாள் நழுவி வரும். இடைவெளியைத் திருத்தினால் டைமிங்கும் நகரும் என்பதால் இவ்வரிசையை மாற்றலாகாது.

இத்துடன் முடிவதில்லை. வேகம் ஏறும்போது பொறியை முன்கூட்டித் தருவது ஸ்பிரிங்குகளோடு கூடிய இரு சிறு எடைகளின் தொழில். அவை துருவேறிச் சிக்கினால், நிற்கும்போது டைமிங் சரியாகத் தோன்றினும் ஓடும்போது பிந்தியே இருக்கும். பாயிண்ட் கேமை விரலால் திருகிவிட்டால் ஸ்பிரிங் அதனைத் தானே பழைய இடத்துக்கு இழுக்கவேண்டும். சோம்பலாய்த் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் கழற்றித் துடைத்து ஒரு சொட்டு எண்ணெயிட வேண்டும். டைமிங் சரிபார்த்ததாகப் பில்லில் எழுதும் பட்டறைகளுள் இதனைப் பார்ப்பவை சிலவே.

டைமிங் மிகவும் முந்தினாலும் தீங்குண்டு. அப்பொழுது சில்லறை ஒலி உரக்கக் கேட்கும். பிஸ்டனின் தலையே சுடப்படும். பிந்தியதற்குப் பரிகாரமாக அளவின்றி முந்தவைத்தல் ஒரு கடனைத் தீர்க்க மற்றொரு கடன் வாங்குவதை ஒக்கும்.

டேப்பெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எஞ்சின் ஆறியிருக்கையில், அமுக்க வேளையின் உச்சியில், புஷ்ராடு விரலால் தடையின்றிச் சுழலவேண்டும். மேலும் கீழும் ஆட்டம் இருத்தலாகாது. ஒலி வருகிறதென்று இறுக்கிவிட்டால் எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கையில் முழுதும் அமராது. அவ்வால்வின் சூடு பெரும்பாலும் இருக்கை வழியாகவே வெளியேறுவதால், அமராத வால்வு சிறிது காலத்தில் கருகிவிடும்.

பெட்ரோலும் காற்றும்

பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை சூட்டை வளர்க்கும். இதனை அறிவிப்பது பிளக். வண்டி நல்ல சுமையில் ஓடும்போதே கிளட்சைப் பிடித்துச் சாவியை அணைத்து, ஓரமாக உருட்டி நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், உட்புறப் பீங்கான் இளம்பழுப்பாயிருத்தல் நலம். சுண்ணாம்பு வெளுப்பாய், மணி மணியாய் உருகிய துளிகளோடிருந்தால் கலவை மெலிந்தது, அல்லது பிளக்கே இவ்வெஞ்சினுக்கு ஒவ்வாத சூட்டு எண்ணுடையது. கரியேறிக் கறுத்திருந்தால் பெட்ரோல் மிகை. சூட்டுக்குக் காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டும். சும்மா நிறுத்தி ஓடவிட்டபின் பார்த்த பிளக் ஒன்றும் சொல்லாது.

மெலிவுக்கு மூன்று வாயில்கள் உண்டு. கார்புரேட்டர் ஹெட்டோடு சேருமிடத்தில் பேக்கிங் இற்றுப்போய்க் கள்ளக்காற்று நுழைவது ஒன்று. எஞ்சின் மெதுவாய் ஓடுகையில் அம்மூட்டைச் சுற்றிச் சோப்பு நீர் தடவினால், ஓசை மாறுமிடத்தில் ஓட்டை உண்டு. சிலர் இதற்குப் பெட்ரோலையே தெளித்துப் பார்க்கிறார்கள். சூடான எஞ்சினின்மேல் அவ்வாறு செய்வது தீவிபத்தை அழைப்பதாகும். 

இரண்டாவது, பெட்ரோல் வந்துசேராமை. நெடும் பயணத்திலேயே இது வெளிப்படும். ஊருக்குள் நன்றாய் ஓடும் வண்டி, பத்துப் பதினைந்து கி.மீ. ஒரே வேகத்தில் சென்றபின் தடுமாறிச் சூடேறுகிறது. சிறிது நேரம் நிறுத்தினால் தானே தெளிகிறது. எஞ்சின் ஆறியதால் தெளிந்தது என்று ஓட்டுபவர் எண்ணுகிறார். உண்மையில், பெட்ரோல் டாங்க் மூடியிலுள்ள சிறு காற்றுத் துவாரம் புழுதியாலோ குளவி மண்ணாலோ அடைபட்டு, டாங்கில் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காமல் நின்றிருக்கலாம். அத்தருணத்தில் மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும். குழாயைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றி, மூடியை இட்டும் எடுத்தும் ஒரு புட்டியில் பிடித்துப் பார்த்தால் ஐயம் தீரும். எஞ்சின் ஆறியபின், பீடி சுருட்டு இல்லாத இடத்தில் செய்க.

மூன்றாவது புதிதாய் வந்தது. 2025 ஆம் ஆண்டிலிருந்து நம் தேசத்தின் பங்க்குகளில் பெரும்பாலும் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோலே கிடைக்கிறது. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு முற்றும் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கோ 9 பங்கே போதும். மேற்படி கலப்புக்குச் சுமார் 13½. புதுவகை வண்டிகள் இதனைத் தாமே உணர்ந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். பழைய கார்புரேட்டரின் ஜெட் கண்ணற்றது. அன்று துளைத்த அளவையே இன்றும் தரும். எனவே முன்பு சரியாயிருந்த கலவை இப்போது சிறிது மெலிந்துவிடுகிறது. எத்தனால் ஆவியாகும்போது கூடுதல் உஷ்ணத்தை உறிஞ்சுவதால் இக்குறை ஓரளவு ஈடாகும். ஆகவே முன்பே நல்ல நிலையிலிருந்த எஞ்சின் இதனால் மட்டும் ஜாமாகிவிடும் என்று அஞ்சுவது மிகை. ஏற்கெனவே மெலிந்த கலவையிலும் பிந்திய டைமிங்கிலும் ஓடிய வண்டிக்கே இது கடைசிச் சுமையாகிறது. கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு காடி கீழிறக்கினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். முழு வேகத்தில் வெளுப்புக் கண்டால் மெயின் ஜெட்டை ஓர் எண் பெரிதாக்கலாம். ஒருசேர இரண்டையும் மாற்றாமல், ஒன்றை மாற்றிப் பிளக்கைப் பார்த்து மற்றதைத் தொடவேண்டும். எத்தனால் ஈரத்தை ஈர்க்குமாதலால், மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டியில் பெட்ரோலை வடித்துவிடுவதும், கார்புரேட்டரின் பழைய ரப்பர்களை மாற்றிவிடுவதும் நலம்.

மலையேறுகையில்

மலைமேல் காற்று மெலிவதால் எஞ்சின் சூடேறுகிறது என்று பலர் சொல்வர். இது தலைகீழானது. உயரம் ஏற ஏறக் காற்றுக் குறைந்து கலவை பெட்ரோல் மிகையாகவே ஆகிறது. சூட்டின் காரணம் எளிது: சுமை அதிகம், வேகம் குறைவு, தகடுகளில் படும் காற்றும் குறைவு. பின்காற்று வீசும் நாளில் இது இரட்டிக்கும். உயர்ந்த கியரிலேயே எஞ்சினை இரைக்க இரைக்க இழுக்கவிடுவதைவிட, முன்னதாகவே கியரைக் குறைத்து, பாதி ஆக்ஸிலேட்டரில் எஞ்சின் இலகுவாய்ச் சுழலுமாறு ஏறுவது நல்லது. பின்னால் ஒருவரும் இரண்டு மூட்டையும் இருந்தால், நடுவழியில் நிழலில் பத்து நிமிஷம் நிறுத்துவதில் மானக்குறைவு ஒன்றுமில்லை. கூட்ட நெரிசலில் நின்ற இடத்தில் நெடுநேரம் ஓடவிடுவதும் ஏற்றத்துக்கு நிகரான தண்டனை, அணைத்துவிடுவதே மேல்.

ஓடும்போது இழுப்புத் திடீரெனத் தளர்ந்து பின்சக்கரம் பிடிப்பதுபோல் தோன்றினால், அக்கணமே கிளட்சைப் பிடிக்கவேண்டும். சக்கரம் வழுக்கி விழுவதை அது தடுக்கும். பிறகு ஓரமாக நிறுத்தி எஞ்சினைத் தானாக ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றலாகாது; கொதிக்கும் வார்ப்பிரும்பின்மேல் குளிர்ந்த நீர் பட்டால் தகடு விரியும், சிலிண்டர் கோணும். கிக்கரின்மேல் ஏறி நின்று உதைத்தலும் கூடாது. ஒரு மணி நேரம் சென்றபின் பிளக்கைக் கழற்றி, அத்துவாரத்தில் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு, மேல் கியரில் வண்டியை முன்னும் பின்னும் இதமாய் அசைத்தால் இலேசாய்ப் பற்றிய பிஸ்டன் பெரும்பாலும் விடுபடும். பின்பு கிளப்பிக் கேட்கவேண்டும். ஓசை பழையபடி இருந்து நீலப்புகையும் இல்லையாயின், மெதுவாய் வீடு திரும்பி மேற்கூறியவற்றை வரிசையாய்ப் பார்க்கலாம். உலோகம் தட்டும் ஒலியோ இடையறாத நீலப்புகையோ இருந்தால் சிலிண்டரைத் திறந்தே தீரவேண்டும். அப்பொழுது பட்டறைக்காரர் சொல்வதில் தவறில்லை.

அவ்வாறு திறக்கும்போது கழற்றிய பிஸ்டனைக் கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டும். நாலு மூலையிலும் பட்டை பட்டையாய் உரசியிருந்தால் முழு எஞ்சினும் சூடேறி விரிந்ததன் அடையாளம். தலை அரித்தோ குழிந்தோ இருந்தால் முந்திய டைமிங்கோ மெலிந்த கலவையோ காரணம். பாவாடைப் பகுதி முழுவதும் நெடுங்கோடுகளாயிருந்தால் எண்ணெய் சென்று சேரவில்லை. ‘காரணம் இன்னதெனக் கண்டோம், இன்னதைத் திருத்தினோம்’ என்று பில்லில் எழுதித் தரும்படி கேட்பது வாடிக்கைக்காரரின் உரிமை. புதுப் பிஸ்டன் போட்ட வண்டியை முதல் சில நூறு கி.மீ. வரையில் பாரமின்றியும், ஒரே வேகத்தில் நெடுநேரம் விரட்டாமலும் ஓட்டி, முதல் எண்ணெயைச் சீக்கிரமே மாற்றிவிட வேண்டும். மலைச்சாலைக்கு அதன் பிறகே கொண்டுசெல்க.